வேப்பங்கிளையை வெட்டச் சொன்னது யார்?

போனை எடுக்காத என் மகனுக்கு,

புதன்கிழமையிலிருந்து உனக்குப் போன் அடித்துப் பார்க்கிறேன். மணி அடிக்கிறது, அப்புறம் கட் ஆகிறது. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறாய்: "என் வீட்டு விஷயத்துல இனிமே தலையிடாதம்மா." சரி. போனைக் கட் பண்ணலாம், காகிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், அது உன் இஷ்டம். கிழிப்பதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிடு. பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அப்படியும் கோபம் இறங்கவில்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது மாதிரி பாவனை செய்துகொண்டு, "வுடு, அவன் சின்னப் பையனா" என்று அரைமணிக்கு ஒரு தடவை சொல்கிறார். சின்னப் பையனாக இருந்திருந்தால் முதுகில் ஒன்று போட்டிருப்பேன். வளர்ந்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன்.

நான் செய்த குற்றம் இதுதான். சிதம்பரத்தில் உன் வீட்டுப் பின்பக்க அறையின் மேல் சாய்ந்து நின்ற வேப்பங்கிளையை, நீ பரங்கிப்பேட்டை சைட்டுக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஆள் வைத்து இறக்கிவிட்டேன். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது மரத்தில் கத்தி வைக்கக்கூடாது, வைத்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்பது சாஸ்திரமாம். நீ சாயந்திரம் வந்து தெருவே கேட்கக் குதித்திருக்கிறாய். மறுநாள் காலையில் உன் மாமனார் பண்ருட்டியிலிருந்து எனக்குப் போன் போட்டார். "சம்மந்தியம்மா, உங்கள நம்பித்தான் பொண்ண குடுத்தோம். வீட்ல புள்ளத்தாச்சி இருக்கசொல்ல இப்டி பண்ணிட்டீங்களே. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நீங்கதான் பொறுப்பு" என்றார். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் வயதுக்கு அதைவிட மரியாதையாகப் பேச எனக்கு வரவில்லை.

பலா மண்டியும் முந்திரித் தோப்பும் வைத்துப் பிழைக்கிற மனிதர் அவர். தோப்பில் காய்ந்த கொம்பைக் கழிக்கும்போது, எந்த வேலையாள் பெண்டாட்டி எத்தனை மாசம் என்று விசாரித்துவிட்டா கழிக்கிறார்? அங்கே அது தொழில், உன் வீட்டுக்கு வந்தால் தோஷம். அவரையாவது விடு, மகள் மேல் பாசம், ஏதோ பயம். நீ கட்டிடம் கட்டுகிற இன்ஜினியர். எந்தச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று மற்றவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன். உன் தலைக்கு மேல் தொங்குகிற பாரத்தை மட்டும் மாமனார் வாயால் தாங்கிப் பிடிக்கப் பார்த்தாய்.

இதில் எனக்கு வயிறு எரிகிற சங்கதி என்ன தெரியுமா? அந்தக் கிளையை ஆபத்தாக்கினதே நீதான். சித்திரைப் பிறப்புக்குப் பச்சடி வைக்க அந்த மரத்துப் பூவைத்தான் உன் பெண்டாட்டி சுகந்தி பறித்தாள். பறித்த வாரமே, புதுக் கார் மேல் பூ கொட்டுகிறது, காக்கா எச்சம் போடுகிறது என்று ஆளைக் கூப்பிட்டுத் தெருப்பக்கக் கிளைகளை எல்லாம் மொட்டை அடித்தாய். மரம் பூத்து நிற்கிற நேரம், குருவி கூடு கட்டியிருக்கிற நேரம், அடுத்து அக்னி நட்சத்திரம் வரப்போகிற நேரம். நிழலிலேயே இருந்த பட்டையில் திடீரென்று வெயில் பட்டால் அது வெடிக்கும். வெட்டினவன் பின்பக்கக் கிளையைத் தொடவில்லை. கீழே அந்த அறைக்குக் கூரையாகப் போட்ட சிமெண்ட் ஷீட், உடைந்தால் வம்பு என்று விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு பக்கம் மட்டும் மூட்டை கட்டின சைக்கிள் எப்படி நிற்கும்? அப்படி நின்றது மரம். பாரம் முழுக்க உங்கள் படுக்கை அறை மேல்.

இன்னொன்றும் கேட்கிறேன், பதில் சொல். சித்திரையில் நீ மரத்தை மொட்டை அடித்த அன்று சுகந்தி வயிற்றில் பிள்ளை ஏற்கனவே வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்தது வைகாசியில். மாசக் கணக்கு உனக்குப் போட வராது என்றால் டாக்டர் சீட்டைப் பார். கார் அழுக்காகிறது என்று அரிவாள் வைத்தபோது வராத தோஷம், உயிர் போகும் என்று அரிவாள் வைத்தால் வந்துவிடுமா? தெய்வம் என்ன உன் காருக்கு வாட்ச்மேனா?

மரம் வெட்டுவது வேறு, கழிப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத வீட்டில் நீ வளரவில்லை. நம் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு மாமரத்தை உன் அப்பா ஒரு மார்கழியில் கழித்தாரே, நினைவிருக்கிறதா? ஆபீசில் யாரோ சொன்னார்களாம், கழித்தால் நிறையக் காய்க்கும் என்று. யாரோ சொன்னது சரிதான், எப்போது என்று இவர் கேட்கவில்லை. பூ எடுக்கப் போகிற நுனிகளை எல்லாம் நறுக்கித் தள்ளிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழகு பார்த்தார். அந்த வருஷம் மாவடுவுக்குக்கூடக் கடைக்குப் போனோம். வீட்டில் மாமரம் வைத்துக்கொண்டு பையோடு போகிற என்னைப் பார்த்துத் தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. மாமரத்தைக் காய்ப்பு முடிந்த கையோடு, ஆனி ஆடியில் கழிக்க வேண்டும். அப்புறம் துளிர்த்து முற்றித்தான் தையில் பூக்கும். வேம்பு தை, மாசியில் இலை உதிர்க்கும். உள்ளுக்குள் எந்தக் கிளை எதோடு உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற நேரம் அது. புதுத் துளிர் வருவதற்குள் வேண்டாததை எடுத்துவிடலாம். மழைக்காலத்துக்கு முன்னால், ஆவணிக்குள், அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். வீட்டின் மேல் என்ன தொங்குகிறது, எது பட்டுப்போயிருக்கிறது, கிளை பிரிகிற எந்தக் கவையில் விரிசல் இருக்கிறது என்று. மின்கம்பியில் உரசுகிற கிளையை நாமாகத் தொடக்கூடாது, மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்த வேண்டும். இதெல்லாம் நல்லாயிருக்கிற மரத்துக்கு. பட்ட கிளைக்கும் பிளந்த கிளைக்கும் மாசமும் கிடையாது, நாளும் கிடையாது. பார்த்த அன்று எடுக்க வேண்டும்.

தானே புயல் அடித்த காலையில் நீ பள்ளிக்கூடப் பையன். கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, நம் வேப்பமரம் விழுமா விழுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் விழாது என்று சொன்னேன். எனக்கும் தெரியாதுதான், ஆனால் ஒரு காரணத்தோடு சொன்னேன். எதிர்வீட்டு வாத்தியார் புயலுக்குப் பயந்து தன் தூங்குமூஞ்சி மரத்தை வருஷாவருஷம் மொட்டை அடிப்பார். மொட்டை அடித்த இடத்தில் விளக்குமாறு மாதிரிக் கொத்தாகக் கிளம்பும். பார்க்கப் பசுமையாக இருக்கும், பிடிப்பு இருக்காது, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அன்று அந்தக் கிளைகள் ஒன்றொன்றாகப் பிய்ந்து பறந்தன. ஒன்று நம் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. நம் வேம்பை நாங்கள் மொட்டை அடித்ததில்லை. நெருக்கத்தை மட்டும் குறைத்து, காற்று புகுந்து போக வழி விட்டிருந்தோம். இலையெல்லாம் போய், சின்னக் கிளைகள் முறிந்து, ஆனால் நின்றது. அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் கடலூர்க்காரர்கள் செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மிச்சம் நின்ற மரங்களையும் மிரண்டுபோய்த் தலைவெட்டினார்கள். புயலுக்குத் தப்பின மரம் ஜனங்களின் பயத்துக்குத் தப்பவில்லை. நீயும் இந்த ஊர்க்காரன்தான். கை வைக்கக்கூடாத நேரத்தில் வைப்பாய், வைக்க வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொள்வாய்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு நான் வந்தபோது அந்தக் கிளையின் கவையில் வெள்ளையாகக் காளான் பூத்திருந்ததைக் காட்டினேன். பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. உள்ளே உளுத்துவிட்டது, எடுத்துவிடு என்றேன். "டெலிவரி ஆவட்டும்மா, மாமா வேணாங்கறாரு" என்றாய். டெலிவரி மார்கழியில். அதற்குள் ஐப்பசி, கார்த்திகை என்று ஒரு முழு மழைக்காலம் இருக்கிறது, மழையையும் மாமாவிடம் கேட்டுக்கொண்டு பெய்யச் சொல்வாயா என்றேன். வளைகாப்பை ஒன்பதாம் மாசம் வைத்துக்கொள்ளலாம், அதுவரை அவள் டீச்சர் வேலைக்கு ஸ்கூலுக்குப் போகட்டும் என்று நீங்களே முடிவு பண்ணியிருந்தீர்கள். அப்படியானால் அந்த மழைக்காலம் பூராவும் அவள் அந்த ஷீட்டுக்கு அடியில்தான் படுக்க வேண்டும். முன் ஹாலில் படுத்துக்கொள்ளட்டும் என்றாய். பாத்ரூம் அந்தப் பின் அறையில் இருக்கிறது. மாசமாக இருக்கிற பெண் எத்தனை தடவை எழுந்து போவாள் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அன்றைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டி ஊருக்குத் திரும்பினேன்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சுகந்தி எனக்குப் போன் பண்ணினாள். மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "அத்தை, நாளைக்கு மழ லீவு வுட்டுட்டாங்க. அவரு சைட்டுக்குப் போயிடுவாரு. நீங்க ஆளு இட்டுக்குனு வர்றீங்களா?" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "மழ வந்தா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது அத்தை. ஷீட்டு மேல அது ஒரசற சத்தம் கேட்டுக்குனே இருக்கு. வயித்துல கைய வெச்சுக்குனு ஒக்காந்துக்குனு இருக்கேன். அவருகிட்ட சொன்னா, நீ பயந்தா புள்ளைக்கு ஆவாது, பயப்படாதன்றாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "இந்தக் கிளைய என்னா பண்றதுன்னு உன்ன ஒருத்தரும் கேக்கலியா?" என்றேன். "என்னய யாரு கேட்டாங்க? அப்பாவும் அவரும் ஒக்காந்து பேசிக்கிட்டாங்க. நான் காபி குடுத்தேன்" என்றாள். அப்புறம், "கோச்சுக்காதீங்க அத்தை. அன்னிக்கு நீங்களும் அவருகிட்டதான் சண்ட போட்டீங்க. நானும் அங்கதான் நின்னுக்குனு இருந்தேன்" என்றாள். உன்னை இவ்வளவு திட்டி எழுதிய கை, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறது. உண்மைதான். அவள் தலைக்கு மேல் இருக்கிற கிளையைப் பற்றி அவள் தலைக்கு மேலேயே நானும் பேசிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் கலெக்டர் லீவு விட்டால் வழக்கமாக என்ன ஆகுமோ அது ஆனது, சுள்ளென்று வெயில். நம் வீட்டு மரங்களைக் கழிக்கிற ஏழுமலை, தன் மச்சானை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, கயிறும் ரம்பமுமாக வந்து சேர்ந்தான். நான் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று வருகிற பஸ்ஸில் வந்தேன். ஏழுமலை மரத்தைச் சுற்றி வந்து பார்த்தான், கயிற்றை எங்கே கட்டி எப்படி இறக்கலாம் என்று மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது சுகந்தி தண்ணீர் சொம்போடு வெளியே வந்தாள். அவள் வயிற்றைப் பார்த்ததும் அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான். "என்னாக்கா, வூட்ல புள்ளத்தாச்சி இருக்குன்னு சொல்லவே இல்லியே. நான் கை வெக்க மாட்டேன். எனக்கும் புள்ள குட்டி இருக்கு." நான் கெஞ்சினேன், திட்டினேன், பாவம் வந்தால் என் தலையில் வரட்டும் என்றேன். "வூட்டுக்காரரு வந்து சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். பார்த்துக்கொள், அவன் முன்பின் வந்திராத வீட்டில்கூட உன் அனுமதிக்குத்தான் மதிப்பு.

சுகந்தி சொம்பைப் படியில் வைத்தாள். சத்தம் போடவில்லை. அவளுக்குச் சத்தம் போட வராது என்பது உனக்கே தெரியும். "அண்ணா, அது விழுந்தா அவரு மேல விழாது, அவரு பாதி நாளு சைட்ல தங்கிடுறாரு. படுக்கறது நான். வயிறு என்னுது. நான் சொல்றேன், வெட்டுங்க" என்றாள். ஏழுமலை என்னைப் பார்த்தான். "அத்தைய பாக்காதீங்கண்ணா, நான்தானே சொல்றேன்" என்றாள் மறுபடியும். அவன் தலையைச் சொறிந்தான். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான்.

ஒழுங்காகச் செய்தார்கள். நுனியிலிருந்து துண்டுதுண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பெரிய துண்டுக்கு முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தார்கள், அப்போதுதான் பட்டை உரிந்துகொண்டு வராது. கிளை தண்டோடு சேருகிற இடத்தில் கழுத்துப் போல் ஒரு மடிப்பு இருக்கும், அதைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி வெட்டினால் மரமே அந்த இடத்தை மூடிக்கொள்ளும். முழ நீளத்துக்குக் குச்சியை விட்டு வெட்டினால் அது அழுகி உள்ளே இறங்கும். சித்திரையில் உன் ஆள் விட்டுவிட்டுப் போன குச்சிகளைப் போய்ப் பார், எப்படிக் கறுத்திருக்கின்றன என்று. அவற்றில் கிளம்பியிருக்கிற கொத்துகளில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு, தை மாசம் மற்றதை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஷீட்டில் ஒரு கீறல் விழவில்லை. கவையோடு அறுத்த துண்டைக் கீழே போட்டபோது அதன் நடுவில் மரமே இல்லை. ஈரமான தூள்தான் இருந்தது. சுகந்தி அதில் கையை விட்டாள், மணிக்கட்டுவரை போனது. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்தத் துண்டைப் பின்பக்கச் சுவரோரம் போட்டு வைக்கச் சொன்னேன். அங்கேதான் கிடக்கிறது, போய்ப் பார்.

நீ சாயந்திரம் வந்ததும், "அம்மா வந்தாங்களா, அவுங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது" என்று ஆரம்பித்தாயாம். யார் செய்தது என்று நீயே முடிவு பண்ணிக்கொண்டு கத்தினாய். பதில் சொல்ல அவளுக்கு எங்கே இடம் கொடுத்தாய்? அப்புறம் உன் மாமனாரும் சேர்ந்துகொண்டார். வசவெல்லாம் எனக்கே வரட்டும் என்று நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கர்ப்பிணிப் பெண்ணை உங்கள் இருவர் வாயில் மாட்டிவிட எனக்கு மனசு இல்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். "எழுதுங்க அத்தை. நான்தான் வெட்டச் சொன்னேன்னு எழுதிடுங்க. நான் சொல்லப் போனா அழுதுடுவேன், அப்பறம் அழுததப் பத்தித்தான் பேசுவாங்க" என்றாள். எழுதிவிட்டேன். அவள் தைரியமாக இருக்கிறாள். ராத்திரி தூங்குகிறாளாம். தோஷம் என்று நீங்கள் பயந்தது இதுதான் என்றால் நன்றாக இருக்கட்டும்.

உன் மேல் எனக்குக் கோபம் மரத்துக்காக மட்டும் இல்லை. நீ கெட்டவன் இல்லை. அவளுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுக்கிறாய், படி இறங்கும்போது கையைப் பிடிக்கிறாய், எல்லாம் பார்த்திருக்கிறேன், பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் கண்ணாடிச் சாமானைப் பார்த்துக்கொள்கிற மாதிரிப் பார்த்துக்கொள்கிறாய். சாமானிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. நல்லவன் செய்கிற இந்தத் தப்பைத் திட்டவும் முடியாமல், பொறுக்கவும் முடியாமல் ஒரு பெண் எத்தனை வருஷம் ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்படி ஓட்ட வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் சிதம்பரம் வருகிறாராம். பிரசவம் பண்ருட்டியிலா, சிதம்பரத்திலா, இல்லை இங்கே கடலூரிலா என்று நீயும் அவரும் பேசி முடிவு எடுக்கப்போவதாக அப்பா சொன்னார். என்னையும் வரச் சொன்னார். நான் வரவில்லை. எந்த ஊர், எந்த டாக்டர், கூட யார் இருக்க வேண்டும் எல்லாவற்றையும் சுகந்தி யோசித்து வைத்திருக்கிறாள். நேற்று என்னிடம் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, நீ, உன் மாமனார், நான் என்று மூன்று பேரும் நினைத்தது எதுவும் அது இல்லை. அது என்ன என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். போன் பண்ணினாலும் சொல்ல மாட்டேன். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். எழுந்து போய்க் கேள்.

உன் அம்மா